கார் எஞ்சினில் ஓர் உலக்கைத் துண்டு

என் அக்கா, ராத்தாவின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளுக்கும் யாரோ மக்காவிலிருந்து கொண்டுவந்த அத்தர் போத்தல்களுக்கும் நடுவில், ஒரு சிறிய மரக்கட்டை இருக்கிறது. ஒரு பக்கம் பழைய ரூபாய் நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மறுபக்கம் கத்தியால் சீவிச் சிறுத்தது. தடித்த பக்கத்தில் எஞ்சின் அழுக்கு ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. சிறுத்த பக்கத்தில் ஒரு மங்கிய மஞ்சள். வீட்டுக்கு வருகிற பெண்கள் அது என்னவென்று கேட்டால், ராத்தா கொஞ்சமும் சிரிக்காமல், "அது எங்கட காருக்குள்ள கிடந்த உலக்கை" என்பாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தக் கட்டையைக் கையில் எடுத்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ராத்தாவைக் கட்டிய மச்சான் அப்படித்தான் மாவடிப்பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டியும் வாடகைக்கு ஓட்டுகிற ஒரு கறுப்பு ஹயர் காரும் கொண்டுவந்தார். ஒரே கூரையின் கீழ் மாமியும் மருமகனும் இருக்க வேண்டும்; ஆனால் மாமி மருமகனின் முகத்துக்கு முன்னால் வரவும் கூடாது, நேருக்கு நேர் கதைக்கவும் கூடாது. அதுதான் மரியாதை. இப்போது இதெல்லாம் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் உம்மா அதில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காதவள். மச்சான் முன்வாசலால் வந்தால் உம்மா அடுப்படிக்கு, குசினிக்குள், போய்விடுவாள். குசினிக்கும் நடு அறைக்கும் இடையில் ஒரு சீலைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் மச்சான், நடுவில் நான். சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வளர்ந்த மனிதன், வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே தந்தி அடித்துக்கொண்டிருந்தேன்.

"மருமகனுக்கு இன்னொரு கோப்பை சோறு போடவா எண்டு கேளு மனெ." உம்மாவின் குரல் திரையைத் தாண்டி அவர் காதில் தெளிவாக விழும். இருந்தாலும் நான் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் என்னைப் பார்த்து, "போதும் எண்டு மாமிட்டச் சொல்லுங்க மச்சான்" என்பார். அதுவும் உம்மாவுக்குக் கேட்கும். அதையும் நான் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் வீட்டில் இல்லாத நேரங்களில் அவர்கள் இருவரும் பசியோடு இருந்தார்களோ என்னவோ.

இந்தக் கதை நடந்ததற்கு முந்திய வருடம்தான் சூறாவளி வந்து எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. கார் நிறுத்துகிற கொட்டிலின் கூரை போய், வீட்டைச் சுற்றிய வளவில் தலையில்லாத தென்னைகள் நின்றன. அதில் ஒன்றின் அடியில்தான் கார் வெயில் குடித்துக்கொண்டு நிற்கும். அந்த நாட்களில்தான் எஞ்சின் கொதிக்கத் தொடங்கியது. பக்கத்துக் காரைதீவு வரைக்கும் போய் வருவதற்குள் ஹீட் மீட்டரின் முள் சிவப்பில் ஏறிவிடும். ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் பாதிக்குக் கீழே. ஊற்றினால் ஓடும், ஓடினால் குறையும். ஆனால் காருக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

மச்சான் லேசில் விடுகிற ஆள் இல்லை. பழைய சீமெந்துப் பைக் கடதாசிகளை எஞ்சினுக்குக் கீழே விரித்துவைத்து, விடிந்ததும் குனிந்து தடவிப் பார்த்தார். காய்ந்தபடியே கிடந்தன. ரப்பர் குழாய்களைப் பிதுக்கிப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். மூடியை மாற்றினார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரால் வெள்ளைப் புகை வருகிறதா என்று என்னைப் பின்னால் நிற்க வைத்தார். நான் வாய் நிறையப் பெற்றோல் புகையை வாங்கிக்கொண்டு இல்லை என்றேன். எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால் தேநீர் போல இருக்கும் என்று சொல்லி, அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். சுத்தமான கறுப்பு. "தண்ணி காத்தாப் போகாது மச்சான். போன இடம் ஒண்டு இரிக்கணும்" என்றார். கராஜ் மெக்கானிக்கை அண்ணன் முறையில் காக்கா என்போம்; அவர் ஒரே பேச்சாக, எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற தகடு, ஹெட் கேஸ்கட், போய்விட்டது என்றார். எஞ்சினின் தலையைக் கழற்றி, புது கேஸ்கட் போட்டு, திரும்பப் பூட்டினார்கள். அதற்குப் பிறகும் முள் ஏறியது, தண்ணீர் குறைந்தது, நிலம் காய்ந்தே கிடந்தது.

இவ்வளவு அவசரம் காருக்காக அல்ல. ராத்தா நிறைமாதமாக இருந்தாள். அதற்கு முந்திய பிள்ளை வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. ராத்தாவையும் அன்று அரை உயிரோடுதான் மீட்டோம். இந்த முறை பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்தான் பெற வேண்டும், வலி வந்த பிறகு சுணங்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். அடுத்த கிழமையே மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காத்தான்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதாக ஏற்பாடு. வலி அதுவரைக்கும் பொறுத்திருக்கவில்லை.

ஒரு காலை, சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுகிற நேரம் ராத்தாவுக்கு வலி கண்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு கார் தேடி ஓடினேன். அன்றைக்குப் பார்த்து ஊரில் ஒரு ஹயர் காரும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்ப, எங்கள் ஊர் வழக்கப்படி, சொந்தக்காரர்கள் எல்லாம் கார் கட்டிக்கொண்டு முதல் நாளே கொழும்புக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் வேறு ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. நான் வெறுங்கையோடு வந்தபோது மச்சான் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். உள்ளறையிலிருந்து ராத்தா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது வளவு வரைக்கும் கேட்டது. அவளோடு மருத்துவிச்சி இருந்தாள்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. அக்சிலேட்டர அமத்திப் பிடிங்க, நான் சொல்லும் வரைக்கும் கால எடுக்காதீங்க" என்றார். நான் ஏறி அமத்தினேன். பழைய எஞ்சின் வீடே அதிரக் கத்தியது. எதிரில் பொனட் நிமிர்ந்து நின்றதால் எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை. பொனட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவை ரேடியேட்டர் மூடியைச் சீலையால் பிடித்துத் திறந்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டன.

அவர் காருக்குப் பக்கத்தால் வந்து ஜன்னலுக்குள் குனிந்தார். "முடிஞ்சிட்டு மச்சான்" என்றார். "தண்ணி மஞ்சளா நுரைக்கிது. எண்ணெய் கலந்திட்டு. ஹெட் வெடிச்சிட்டு. இத நம்பி அவவ ஏத்தினா, நடு றோட்டுல வெச்சி ரெண்டு உசிரையும் நான் கொன்ற மாதிரி." மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவர் மணக்கவில்லை. அந்த நிலையில் நானும் மணந்திருக்க மாட்டேன். காலை எடுக்கச் சொல்ல அவருக்கு மறந்துபோனது. எடுக்க எனக்கும் தோன்றவில்லை. எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் போய்க் காரின் முன்னால் நின்று, சம்மாந்துறைக்கு ஆள் அனுப்பி ஒரு டிராக்டரைக் கூப்பிடலாமா என்று சத்தம் போட்டுக் கேட்டார். குறுக்கே கிடக்கிற பிள்ளையோடு ஒரு பெண்ணை டிராக்டர் பெட்டியில் வைத்து மட்டக்களப்புக்கு! கேட்டவருக்கே அது பைத்தியக்காரக் கதை என்று தெரிந்திருக்கும்.

அப்போதுதான் பொனட்டுக்குக் கீழே இருந்த அந்த இடுக்கில் ஒரு வெள்ளைச் சீலையின் கரை அசைவதைக் கண்டேன். எங்கள் வீட்டில் வெள்ளைச் சீலை உடுத்தது ஒரே ஒரு ஆள். வாப்பா மௌத்தான நாளிலிருந்து உம்மா வேறு நிறம் தொட்டதில்லை. குசினி வாசலில் நின்று என்னை எத்தனையோ தரம் கூப்பிட்டாளாம். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் காலை எடுத்துச் சாவியை மூடினேன். திடீரென்று வந்த அமைதியில் உம்மாவின் குரல், இழுத்துப் போர்த்த முக்காட்டுக்குள்ளிருந்து, நேராக மருமகனிடம் வந்தது.

"மகன், அது எண்ணெய் இல்ல. மஞ்சள். நான்தான் போட்ட."

மச்சான் முகத்தை நிமிர்த்தவில்லை; உம்மாவின் காலடியையும் பார்க்காமல் எங்கேயோ மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். வாப்பா லொறி ஓட்டிய காலத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவாராம். ஓட்டை அடைபட்டு, சம்மாந்துறை மில்லுக்கு நெல் இறக்கிவிட்டு வரும் வரைக்கும் தாங்குமாம். நேற்றுப் பகல் மருமகன் தொழப் போயிருந்தபோது, அதை ஞாபகம் வைத்து ஒரு பிடிக்கு மேலேயே போட்டுவிட்டாளாம். "இவன் இஸ்கூலுக்குப் பொயித்தான். சொல்லி அனுப்ப ஆள் இல்ல. நிறைமாசக்காரியப் பயங்காட்டவும் ஏலா, இவன் வந்த பொறகு கேக்காமப் போட்டதச் சொல்லவும் பயந்திட்டன். நான் எப்பிடி மகன் உங்களுக்கிட்டச் சொல்ற?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்ததை மறைக்க மாட்டேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் முதல் நாள் சொல்லியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. ஒரு சீலைத் திரைக்கு மரியாதை கொடுத்து என் ராத்தாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்று வாய்வரை வந்தது. உள்ளேயிருந்து அவள் மறுபடியும் முனகினாள்.

மச்சான் விரலை அந்த நுரையில் தோய்த்தார். மணந்தார். நாக்கில் வைத்தார். பிறகு அவர் முகம் மாறியது. பயம் போய், யோசனை வந்தது. "அப்ப எண்ணெய் கலக்கல்ல" என்று தனக்குத்தானே சொன்னார். "ஹெட் நல்லா இரிக்கி. மஞ்சள் தண்ணி... மச்சான், அவட முகம் பாக்கிற கண்ணாடிய எடுத்திட்டு வாங்க! டோர்ச்சையும்!"

நான் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முன் சக்கரச் சில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடுக்கால் தலையை உள்ளே விட்டிருந்தார். கண்ணாடியை எஞ்சினின் பின்பக்கம் பிடித்து டோர்ச்சை அடித்தார். "இஞ்ச பாருங்க" என்றார். நான் மண்ணில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினின் பக்கச் சுவரில், புகைக்குழாய்க்கு மறைவில், உள்ளே ஓடுகிற தண்ணீரை அடைத்துக்கொண்டு ஒரு வட்டத் தகரத் தட்டு அடித்துப் பொருத்தியிருந்தது. அதற்கு ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர் சொன்னார், நான் மறந்துவிட்டேன். அந்தத் தட்டின் விளிம்பிலிருந்து, கறுத்த இரும்பின் மேல், ஒரு மஞ்சள் கோடு இறங்கிச் சூட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. கோடு புகைக்குழாயில் போய் முடிந்தது. தண்ணீர் அங்கே விழுந்து, கொதிக்கிற குழாயில் ஆவியாகிப் போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகியிருக்கிறது; அதனால்தான் நிலம் நனையவில்லை. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் கடலுக்குக் கிட்ட இருப்பதால் உப்புக் கரிக்கும் சவர். அந்தச் சவர் வருடக்கணக்காகத் தகரத்தை உள்ளிருந்து தின்றிருக்கிறது. மஞ்சள் இல்லாவிட்டால் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது.

"காத்தாத்தான் பொயிருக்கி" என்றார் மச்சான். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டினார். தட்டு அப்பளம்போல் உள்ளே உடைந்தது. மஞ்சள் தண்ணீர் அவர் முழங்கை வழியாகக் கொட்டியது. இப்போது நோய் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. அப்படி ஒரு தட்டு கொழும்பில்தான் கிடைக்கும். ஓட்டை இரண்டு விரல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சீலையைத் திணித்தால் பிதுங்கி வந்துவிடும். மரம்தான் வேண்டும், அதுவும் வயிரம் பாய்ந்த மரம், தண்ணீர் பட்டால் உப்பி இறுகுகிற மரம் என்றார். வளவில் கிடந்ததெல்லாம் சூறாவளி தள்ளிய தென்னைதான்; அது நாராகப் பிரிந்துவிடும். அவர் கண் வளவெல்லாம் அலைந்தது.

உம்மா குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் உலக்கை இருந்தது. அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்தது. நெல்லும் மிளகாயும் மஞ்சளும் இடித்து இடித்து வழவழப்பான உலக்கை. அதை என் கையில் தரவில்லை. நான் கை நீட்டினேன், அவள் என்னைத் தாண்டிப் போய் மருமகனிடம் நீட்டினாள். "வெட்டுங்க மகன்" என்றாள்.

மச்சான் பிடிப்பக்கத்து நுனியை அறுத்தார். சீவினார், பொருத்திப் பார்த்தார், திரும்பச் சீவினார். அந்த இடுக்கில் சுத்தியல் ஓங்க இடம் இல்லை. ஒவ்வோர் அடியும் ஒரு சாண் தூரத்திலிருந்துதான் விழும். உம்மா தன் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கொடுக்க, அதைக் கட்டையில் சுற்றி, பிஸ்மி சொல்லி அடித்தார். முழங்கை உராய்ந்து இரத்தம் வந்தது. உள்ளே மருத்துவிச்சி என்னைக் கூப்பிட்டு, இனிச் சுணங்க ஏலாது என்றாள். ரேடியேட்டரை நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டோம். கட்டையின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கசிவு குறைந்தது, பிறகு நின்றது. மச்சான் சில்லைப் பூட்டத் தொடங்கினார்.

அந்தப் பயணத்தை நான் கனவிலும் திரும்பப் போக விரும்பவில்லை. பின் சீட்டில் ராத்தா படுத்திருந்தாள். அவள் தலை உம்மாவின் மடியில். மருமகன் ஓட்டுகிற காரில் உம்மா ஏறியது அதுதான் முதல் தடவை. மருதமுனையில் தறிச் சத்தத்தைக் கடந்து, பெரியநீலாவணை தாண்டி, கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது முள் நடுவைத் தாண்டியது. மச்சான் பாலம் முடிந்ததும் நிறுத்திக் கட்டையைப் பார்த்தார், தண்ணீர் பார்த்தார். களுவாஞ்சிகுடியில் ஒரு தடவை. ராத்தா வலியில் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலிருந்து கேட்பாள். "தண்ணி பாத்தீங்களா மகன்?" மச்சான் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்காமல், றோட்டைப் பார்த்தபடி சொல்வார். "ஓம் மாமி. நிரம்பக் கிடக்கு." நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழுதது. அந்த அழுகையைக் கேட்டு மச்சான் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மஞ்சள் படிந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

வீட்டுக்கு வந்த பிறகு திரை திரும்பவும் தொங்கியது. உம்மா குசினிக்குள் போனாள். சோறு போதுமா என்று நான்தான் பழையபடி கேட்டேன். நான் எதிர்பார்த்த மாதிரி எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. மச்சான் காலையில் கார்ச் சாவியை எடுத்தால், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னைக் கூப்பிடாமல், நேராகவே குரல் வரும். "தண்ணி பாத்தீங்களா மகன்?" அவரும் நேராகவே பதில் சொல்வார். அந்த ஒரு கதைக்கு மட்டும் வழி திறந்திருந்தது. கொழும்பிலிருந்து புதுத் தட்டு வந்து, கட்டையைக் கழற்றிய பிறகும் அது நிற்கவில்லை. கழற்றிய கட்டையை மச்சான் கார் திருத்துகிற தன் சாமான் பெட்டியில் போட்டுவைத்தார். நுனி குறைந்த உலக்கையால் உம்மா கடைசி வரைக்கும் இடித்தாள்.

பிறகு எண்பதுகளில் சண்டை வந்து றோட்டு பயமாகிவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் ஓட்டம் நின்றது. மச்சான் காரை விற்றார், சாமான்களையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு உம்மா படுக்கையில் விழுந்தாள். நினைவு கலைந்துவிட்டது. என்னை வாப்பாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ராத்தாவை யாரென்று கேட்டாள். மச்சான் அறைக்குள் வருவதில்லை. பழக்கத்தில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். கடைசி நாளன்று பின்னேர அஸர் நேரம், நாங்கள் சுற்றியிருந்து ஓதிக்கொண்டிருக்கும்போது, உம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். கை முக்காட்டைத் தேடியது.

"தண்ணி பாத்தீங்களா மகன்?"

கார் போய் வருடங்கள் ஆகியிருந்தன. மச்சான் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முதல் தடவையாக அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தார். "ஓம் மாமி" என்றார். "நிரம்பக் கிடக்கு."

உம்மாவின் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த அன்று அவர், மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்தார். காரோடு எல்லாவற்றையும் கொடுத்தவர் அந்த மரக்கட்டையை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. யாரிடமும் கேட்காமல் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கோப்பைகளை ஒதுக்கி, அதை நடுவில் வைத்தார். அன்று வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை இப்போது தானே கார் ஓட்டி மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறாள். அந்தக் காரில் தண்ணீர் பார்க்கத் தேவையே இல்லையாம். ஆனால் மச்சான் வாசல் கதிரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காலையும் கேட்கிறார். அவளும் பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.